படம் உள்பக்கம்

லாரியிலிருந்து இறங்கிய காகிதக் கட்டை அவிழ்த்ததும் சங்கிலிமுத்து குந்தி உட்கார்ந்து, சீட்டுக்கட்டைத் தள்ளுவதுபோல ஓரங்களை விரலால் சரசரவென்று தள்ளுகிறார். பரீட்சைத் தாள், கல்யாணப் பத்திரிகை, பழைய காலண்டர் எதிலும் கண் நிற்பதில்லை. ரோஸ் நிறத்தில் ஓர் ஓரம் தெரிந்தால் மட்டும் கை நின்றுவிடும். அக்கம்பக்கம் பார்த்து அதை உருவித் தன் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார்.

தாயில்பட்டிக்கு வெளியே ஒரு வெடி கம்பெனியில், மருந்து அடைக்கும் காகிதக் குழல் சுற்றும் பெண்களுக்கு வேஸ்ட் பேப்பர் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. வயது முப்பதுக்குள்தான். ஆனால் நடை ஐம்பது வயதுக்காரர் நடை. கை வீசாமல், இடுப்பு அசையாமல், தலையில் தண்ணீர்க் குடம் இருப்பதுபோல விறைப்பாக நடப்பார். புதிதாக வருகிறவர்கள் முதுகில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள்.

ரோஸ் காகிதம் ஒரு சினிமா நோட்டீஸ். படத்தின் பெயர் 'ஆஸ்டல் அம்புஜம்'. எட்டொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரே ஒரு செட்டைப் போட்டு எடுத்த படம். வலது கதவைத் திறந்தால் வகுப்பறை, இடது கதவைத் திறந்தால் சமையல்கட்டு. காலேஜ் பையன்கள் அடிக்கிற கூத்துதான் கதை. அதில் ஒரு பையன் சேலை கட்டிக்கொண்டு, அம்புஜம் என்ற சமையல்காரியாகப் பெண்கள் ஆஸ்டலுக்குள் நுழைகிறான். மதராசுக்கு ஓடிப்போயிருந்த சங்கிலிமுத்துதான் அந்தப் பையன். சாத்தூர் சினிமாக் கொட்டகையில் நாலு நாள் ஓடியது. மிஞ்சிப்போன நோட்டீஸ்கள் சிவகாசி அச்சாபீஸ் மூலையிலேயே கிடந்து, இப்போது லோடுக்கு நாலைந்தாகக் குழல் சுற்ற வருகின்றன.

கதையும் பாட்டும் யாருக்கும் நினைவில்லை. அம்புஜத்தின் நடை மட்டும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மறக்கவில்லை.

"ஏ அம்புஜம், இங்கன ரெண்டு கட்டுப் போடுங்க!" என்பாள் குழல் சுற்றும் அய்யம்மாள். குழல் சுற்றும் கொட்டகையே சிரிக்கும்.

"ஓடாத படத்துக்கு எதுக்குத் தாயி டிக்கெட்டுக் கிளிக்கீக?" என்பார் சங்கிலிமுத்து, கோபமில்லாமல்.

மத்தியானம் வாசலில் தூக்குச்சட்டிச் சத்தம் கேட்டதும் அந்தச் சிரிப்பு அடங்கிப்போகும். வருவது வள்ளித்தாய், அவருடைய அக்காள். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தீப்பெட்டி ஒட்டி வளர்த்தவள். சின்னப்பிள்ளையிலேயே இடது கால் சூம்பிவிட்டது. ஒவ்வோர் எட்டுக்கும் இடது கையால் முழங்காலை அழுத்தி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி வருவாள். வலது கையில் தூக்குச்சட்டி. முந்தானை நழுவாமல் இருக்கப் பல்லில் ஒரு நுனி. அவளுக்கு முன்னால் அம்புஜம் என்ற பெயரை அங்கே ஒருத்தியும் எடுத்ததில்லை. தம்பி தபால்காரனாக நடித்ததாகத்தான் அவளுக்குத் தெரியும். "ஒரு நா அந்தப் படத்தப் பாத்துப்புடணும்," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில் கணக்கர். அவரிடம் சங்கிலிமுத்து அந்தப் படம் எடுத்த கதையை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். "பொம்பள மாதிரி நடன்னாக. நடந்தேன். ஒருத்தனும் சிரிக்கல. நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கிருவோம்னு பேசிக்கிட்டாக. அப்பத்தான்..." என்றவர், பேச்சை விட்டுவிட்டுக் காகிதக் கட்டை அவிழ்க்கப் போய்விட்டாராம்.

உருவிய நோட்டீஸ்களை எரித்துவிடலாம் என்றால், வெடி கம்பெனிக்குள் நெருப்பு ஏது? வெளியே கொண்டுபோகலாம் என்றால் வாசலில் மடியைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அதனால் அவற்றைத் தானே கம்பியில் வைத்து, படம் உள்பக்கமாகச் சுற்றிப் பசை தடவி, மற்றக் குழல்களோடு காயப்போட்டுவிடுவார். "தீவாளிக்கு எவனாச்சும் வெடிச்சுத் தொலைச்சிருவான்," என்பார்.

ஆனால் சுற்றுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். பெண்கள் சுற்றிய குழல் கல் மாதிரி இருக்கும். இவருடையது வெயிலில் காய்ந்ததும் வாய் பிளக்கும். "அண்ணே, ஒங்க குழல்ல நெல்லுக் கொட்டி வைக்கலாம்," என்பாள் அய்யம்மாள்.

போன வாரம் நான் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். சீசன் நெருக்கடி. வள்ளித்தாயும் சும்மா இருக்காமல், தம்பி சாப்பிட்டு முடிக்கும்வரை தளர்ந்த குழல்களைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றைப் பிரித்தவள், அதை மடியில் வைத்து நீவினாள்.

"ஏலே முத்து, இந்தப் பொம்பள யாருலே?"

சங்கிலிமுத்துவின் கை சோற்றிலேயே நின்றது.

"ஏதோ பள நோட்டீசுக்கா, இங்கன குடுங்க," என்று அய்யம்மாள் அவசரமாகக் கை நீட்டினாள். வள்ளித்தாய் கொடுக்கவில்லை. எழுத்துப் படிக்கத் தெரியாதவள். முழங்காலை அழுத்துகிற கை, கோணிய இடுப்பு, தூக்குச்சட்டி, பல்லில் கடித்த முந்தானை என்று ஒவ்வொன்றின்மேலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"மூஞ்சி ஒன்னது," என்றாள் கடைசியில். "நட என்னதுலே."

அவர் இலையிலிருந்த சோற்றை மறுபடி பிசைந்தார்.

"பாத்தவுகல்லாம் சிரிச்சாகளா?"

"சிரிச்சாக, அக்கா."

அவள் நோட்டீஸைக் கம்பியில் வைத்து, படம் உள்ளே போக, இறுக்கமாகச் சுற்றினாள். பசை தடவிக் கூடையில் போட்டாள். காலித் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, தூணைப் பிடித்து எழுந்தாள். முந்தானையைக் கடிக்கவில்லை. இடது கையை முழங்காலில் வைக்காமல் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு ஓர் எட்டு வைத்தாள். கால் மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்து குழல் சுற்றினார்கள். கையை அப்படியே தொங்கவிட்டு மறுபடியும் காலைத் தூக்கினாள்.

சங்கிலிமுத்து சோற்றுக் கையோடு ஓடினார். அவள் முன்னால் குந்தி, தொங்குகிற அந்தக் கையை எடுத்து அவள் முழங்காலில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.