ஐந்தாம் நம்பர் ஜெர்சி

அஜேஷ் முதலில் கண்டது பொன்னுதாசின் விரல்களைத்தான். பாறசாலையில் அவன் வேலை பார்க்கும் ஆன்லைன் சேவைக் கடையில், ரேஷன் கார்டுக்கு விரல் பதியும் நெருக்கடி நாள் அது. கண்ணாடித் தடுப்புக்குக் கீழே ஒரு வலது கை நீண்டு வந்து எந்திரத்தின் மேல் அமர்ந்தது. சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தார்கள், மீண்டும் சிவப்பு. ஐந்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்தும் எந்திரம் மசியவில்லை.

"என்ன வேலையாக்கும் அண்ணா?"

"கம்பி கெட்டு."

"அதான். ரேகை தேஞ்சு போச்சு. இது நீங்க இல்லேன்னு சொல்லுது மிஷினு."

"நான் நான்தான் மக்கா. வேற ஆருக்கு இந்தக் கை உண்டு?"

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "ஓய், பெஞ்சாதியை விளிச்சுக் கேளும். அவளும் நீரில்லேன்னுதான் சொல்லுவா" என்றார். கடையே சிரித்தது. பொன்னுதாசும் சிரித்தார். கடைசியில் கண்ணைப் படம் பிடிக்கும் கருவியை வைத்துத்தான் வேலை முடிந்தது.

அந்தக் கையில் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து, முட்டு வீங்கிக் கெட்டியாகியிருந்தது. கம்பி வேலையில் அப்படி ஆகாது என்று அஜேஷுக்குத் தெரியும். கேட்டான்.

"அது பந்து. செட்டர் ஆக்கும் நான்" என்றார் பொன்னுதாஸ்.

வாலிபாலில் செட்டர் என்பவர் வலையோரம் நின்று, அடிப்பவனுக்குத் தோதாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர். பந்து அவர் விரல்நுனியில் கண் சிமிட்டும் நேரம்தான் இருக்கும். அஜேஷின் கிளப்புக்கு அப்போது நல்ல செட்டர் இல்லை. "வைகுந்நேரம் நம்ம கிரவுண்டுக்கு வாங்க அண்ணா" என்றான். அன்று மாலையே லுங்கியை மடக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது.

அஜேஷ் அந்தக் கிளப்பின் செயலாளர். லோடிங் தொழிலாளி செல்லையனின் மகன், வீட்டில் முதல் பட்டதாரி. எந்த பிளக்ஸ் அடித்தாலும் 'அஜேஷ், பி.காம்.' என்று போடச் சொல்வான். புள்ளி விட்டுப்போனால் திருப்பி அடிக்கச் சொல்வான். படித்தவன் கையில் வந்த பிறகுதான் கிளப்புக்கு ரசீது புத்தகமும் ஜெர்சியும் வந்தன என்று ஊரில் பேச்சு உண்டு. ஜெர்சியின் முதுகில் ஒவ்வொருவர் பெயரையும் அச்சடித்தவனும் அவன்தான். பொன்னுதாசுக்கு ஐந்தாம் நம்பர்.

மூன்று வருஷம் பொன்னுதாஸ் அந்த ஜெர்சியில் ஆடினார். வேலை முடிந்து சிமென்ட் தூசியோடு வருவார். எதிராளி எந்தப் பக்கம் எம்பப் போகிறான் என்று அவன் முழங்கால் மடங்குவதைப் பார்த்தே சொல்லிவிடுவார். முன்னால் கொடுப்பதுபோல் உடம்பைச் சாய்த்து, பந்தைப் பின்னால் அனுப்புவார். எதிரணி ஆகாயத்தைத் தடுத்துவிட்டு இறங்கும். ஆனால் மைக்கில் அடித்தவன் பெயர்தான் வரும். அதற்காக அவர் வருத்தப்பட்டு ஆரும் பார்த்ததில்லை.

வருத்தப்பட்டவள் அவர் மனைவி புஷ்பபாய். முந்திரி ஆபீசில் பருப்பு உடைக்கிறவள், சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குப் பொருளாளர். "இருவத்தஞ்சு வருசமா பந்துண்ணு போறாரு பிள்ளே. ஒரு மைக்குல இந்த மனுசனுக்க பேரை நான் கேட்டிட்டில்ல. கிரவுண்டுக்குத்தான் போறாரோ, வேற எங்க போறாரோ, கர்த்தருக்குத் தெரியும்" என்று அஜேஷிடமே சொல்லியிருக்கிறாள். அவர்கள் வீட்டுக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளி மைதானத்துக்கும் நடுவே ஒரு வயல் ஏலாதான். ஓண விடுமுறையில் அங்கே டோர்ணமென்ட் நடக்கும்போது, ஒலிபெருக்கி அவள் அடுக்களைக்குள் வந்து பேசும்.

சென்ற ஓணத்துக்கு அந்த டோர்ணமென்டில் அஜேஷின் கிளப் பைனலுக்குப் போனது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் முறை. அரையிறுதியில் கடைசிப் புள்ளிக்குப் பொன்னுதாஸ் அடிப்பதுபோல் எம்பி, விரல்நுனியால் பந்தை வலைக்கு அந்தப் பக்கம் மெல்லத் தட்டிவிட்டார். எதிரணி ஆறு பேரும் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பையன்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மைக் அப்போதும் கிளப்பின் பெயரைத்தான் சொன்னது.

அஜேஷுக்கு அது போதவில்லை. எதிர் டீம் எங்கிருந்தோ ஒரு பெரிய ஆளை இறக்கப்போகிறது என்று கேள்விப்பட்டான். "ஸ்டார் இல்லாத டீமை ஆரு பாப்பா? ஜெயிச்சாலும் பேரு நிக்காது" என்று கமிட்டியில் பேசினான். படித்தவன் சொன்னதால் மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஷிபுவைப் பிடித்தான். ஷிபு அதியன்னூர்க்காரன், புரோ லீக்கில் ஆடுகிறவன். அவன் அடிக்கும் வீடியோக்கள் எல்லா போனிலும் உண்டு. ஒரு மாலை ஆட்டத்துக்கு வருவதாக ஒத்துக்கொண்டான். ஒரே ஒரு நிபந்தனை.

"எனக்க செட்டரும் வருவான், அனிலு" என்றான் போனில். "நல்ல செட்டர் இல்லேன்னா நான் சும்மா ஒசரமுள்ள ஒரு ஆளு, அத்தறதான். அவன் தாற பந்துதான் அடி. அதை மறந்துடாத ப்ரோ."

ஒரு செட்டர் யார் என்று நாட்டிலேயே பெரிய அடிகாரன் அஜேஷின் காதில் சொன்னான். அஜேஷ் கேட்டது, 'அனிலும் வருவான்' என்பதை மட்டும்தான்.

சிக்கல் விதியில் இருந்தது. அந்த டோர்ணமென்டில் ஒரு டீமுக்கு வெளியாள் ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் பெயரும் ஆதார் நகலும் முதலிலேயே கொடுத்தாயிற்று. அனில் ஆடவேண்டுமென்றால் வேறொருவன் பெயரில்தான் ஆடவேண்டும். எல்லா டீமும் செய்கிற வேலைதான் என்று அஜேஷ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பைனல் அன்று சாயங்காலம் பள்ளியின் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் பொன்னுதாசைக் கூட்டிக்கொண்டு போனான். அவர் ஏற்கெனவே ஜெர்சியைப் போட்டு, விரல்களுக்குப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கிளப்புக்கு வேண்டியாக்கும். ஒரு ஆட்டம். அஞ்சாம் நம்பரை அனிலுக்குக் குடுக்கணும்."

பொன்னுதாஸ் பிளாஸ்டரைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எனக்க பேருலயா?"

"லிஸ்டுல அப்படித்தானே இருக்கு. வேற வழி இல்ல."

"அவன் பந்து நல்லா இடுவானா?"

"ஷிபுவுக்க செட்டராக்கும்."

"செரி."

ஜெர்சியைத் தலைவழி உருவி, உள்பக்கம் வெளியே திரும்பியிருந்ததைச் சரிசெய்து, மடித்துக் கொடுத்தார். மாற்றுச் சட்டை கொண்டுவரவில்லை. அழுக்கு பனியனும் லுங்கியுமாக நின்றார். விரலில் சுற்றிய பிளாஸ்டரைக் கழற்ற மறந்துபோனார்.

அப்போதுதான் ஷிபுவின் கார் வந்தது. பையன்கள் மொய்த்தார்கள். அஜேஷ் முண்டியடித்துப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். ஷிபு கூட்டத்தைத் தாண்டிப் பார்த்து, பிளாஸ்டர் போட்ட கையோடு நின்றவரைக் காட்டி, "இதாரு? பிளேயரா?" என்று கேட்டான்.

அனிலின் கையில் ஜெர்சி இருந்தது. டோர்ணமென்ட் கமிட்டிக்காரர்கள் கேட்கும் தூரத்தில் நின்றார்கள். அஜேஷ் சொன்னான்:

"இல்ல அண்ணா. நெட்டு கெட்டுத ஆளு."

பொன்னுதாசின் காதில் அது விழுந்தது. அஜேஷின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மைதானத்துக்குள் போய், வலைக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, காலை ஊன்றி இழுத்து, இறுக்கிக் கட்டினார். கம்பி கட்டுகிறவன் போட்ட கட்டு. அன்று ஆட்டம் முடியும்வரை வலை ஒரு விரற்கடைகூடத் தாழவில்லை.

ஷிபுவின் மேல் சொல்ல ஒரு குறையும் இல்லை. அவன் எம்பியபோது பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றது. அனிலும் நல்ல கை. பைனலுக்கு மட்டும் நெய்யாற்றின்கரையிலிருந்து கூலிக்கு வந்த மைக்காரருக்கு உள்ளூர் முகம் தெரியாது. கையில் இருந்த லிஸ்டைப் பார்த்து, ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னார். "பொன்னுதாஸ் தூக்குகிறார்... ஷிபு... அடி! பொன்னுதாஸ், அஞ்சாம் நம்பர், என்ன ஒரு கை!" இருபத்தைந்து வருஷமாக எந்த மைக்கும் சொல்லாத பெயரை அந்த மைக் ஒன்றரை மணி நேரம் சொன்னது.

காலரியில், "எலே, பொன்னுதாசண்ணனுக்கு ஒரே நாளுல இருவது வயசு கொறஞ்சு போச்சே! எந்த ஆசுபத்திரில?" என்று ஒருவன் கத்தினான். பையன்கள் உருண்டு சிரித்தார்கள். எதிரணி வாய் திறக்கவில்லை. அவர்களிடமும் இப்படி ஒருவன் இருந்தான். பொன்னுதாஸ் கோல்போஸ்டின் அடியில் ஆரோ கொடுத்த துவர்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல பந்து விழுந்தபோதெல்லாம் அவரும் கைதட்டினார்.

ஜெயித்தார்கள். ஷிபுவும் அனிலும் அடுத்த ஊர் ஆட்டத்துக்கு நேரமாயிற்று என்று பரிசளிப்புக்கு முன்பே கிளம்பினார்கள். ஐந்தாம் நம்பர் ஜெர்சியும் காரிலேயே போயிற்று. 'சிறந்த செட்டர், பொன்னுதாஸ்' என்று மைக் மூன்று முறை அழைத்தது. அஜேஷ் மேடையேறிக் கோப்பையை வாங்கிக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோது கோல்போஸ்டின் அடியில் ஆள் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை கோப்பையோடு அவர் வீட்டுக்குப் போனான். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதாகத்தான் வழியெல்லாம் நினைத்தான். வாசலிலேயே புஷ்பபாய் எதிரே வந்தாள்.

"வா பிள்ளே, வா! எனக்க காதால கேட்டேன். மீன் கழுவிட்டு நிக்கேன், பொன்னுதாஸ், பொன்னுதாஸ்ணு ஒரே மைக்கு. மீனைப் பூனை கொண்டுபோச்சு, நான் நின்ன எடத்தை விட்டு அனங்கல்ல! இந்த மனுசன் வந்து ஒரு வாக்கு பறயல்ல பாத்தியா? வெக்கம்!"

பொன்னுதாஸ் உள்ளே கட்டிலில் இருந்தார். அஜேஷின் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார், அஜேஷைப் பார்த்தார். சொல்கிறாயா என்று கேட்பதுபோலவும் இருந்தது, சொல்லாதே என்பதுபோலவும் இருந்தது. அஜேஷ் தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டான். கோப்பையை மேசைமேல் வைத்தான்.

அவள் மரச்சீனிக் கிழங்கும் கோழிக்கறியும் வைத்தாள். "இத்தறை நாளும் இவரை ஏசினேன். பாவம். நாளைக்கு சபையில ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை வைக்கணும்" என்றாள்.

அஜேஷும் இரண்டு வருஷமாக அந்தச் சபைதான். நன்றி சொல்லிக் கொடுக்கும் காணிக்கையின் காரணத்தை ஆராதனையில் பேர் சொல்லி வாசிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். பின்வரிசை வாலிபர்கள் அத்தனை பேரும் காலரியில் இருந்தவர்கள் என்பதும் தெரியும். "மைனி, அது வேண்டாம்" என்று நாக்கு நுனிவரை வந்தது. கோழிக்கறி காரமாக இருப்பதுபோல் தண்ணீர் குடித்தான். அப்படியே எழுந்து வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சபைச் செயலர் வேதமணி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார். பிரசவம் நலமாக நடந்ததற்கு, வெளிநாட்டு விசா கிடைத்ததற்கு, பிறகு: "தன் கணவர் பொன்னுதாஸ் அவர்கள் வாலிபால் போட்டியில் சிறந்த செட்டர் கோப்பை பெற கர்த்தர் உதவி செய்ததற்காக, திருமதி புஷ்பபாய், ஸ்தோத்திரக் காணிக்கை."

பின்வரிசையில் முதலில் ஒருவன் இருமினான். இருமல் சிரிப்பாயிற்று. "கர்த்தர் ஆளு மாறி உதவி செஞ்சுட்டாரு" என்று ஒரு குரல், அடக்கிச் சொன்னதுதான், எல்லார் காதிலும் விழுந்தது. பெண்கள் பக்கம் புஷ்பபாய் சிரித்த முகத்தோடு திரும்பினாள், ஏதோ வேடிக்கை என்று. பிறகு ஆண்கள் பக்கம் கணவரைப் பார்த்தாள். பொன்னுதாஸ் குனிந்து பாட்டுப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் சிரிப்பு இறங்கியதை அஜேஷ் நான்காம் வரிசையிலிருந்து பார்த்தான்.

எழுந்து நிற்க வேண்டிய நேரம் அது. 'தப்பு என்னுடையது' என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். பி.காம். முடித்த அஜேஷ், மேடை கிடைத்தால் அரைமணி நேரம் பேசும் அஜேஷ், அடுத்த பாட்டின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை புஷ்பபாய் கடைக்கு வந்தாள். கூட்டம் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குக் கீழே, அன்று அந்தக் கை நீண்டு வந்த அதே இடத்தில், கோப்பையை வைத்துத் தள்ளினாள்.

"ஆருக்கதோ அவனுக்குக் குடு."

"மைனி..."

"அவரு உருப்படாத மனுசன்னு நான் ஏசினேன், செரி. அது எனக்க வீட்டுக்குள்ள. நீ எனக்க வீட்டுல கோப்பையைக் கொண்டு வச்சு, கர்த்தருக்க மின்ன என்னைப் பொய் சொல்ல வச்சிட்ட. அன்னைக்கு எனக்க வீட்டுல இருந்து கறி தின்னியே பிள்ளே, அந்த வாயால ஒரு வாக்கு பறஞ்சா என்ன?"

வரிசையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

சாயங்காலம் அவர் வேலை செய்யும் கட்டிடத்துக்கே போனான் அஜேஷ். பொன்னுதாஸ் கான்கிரீட் தளத்தில் குந்தியிருந்து கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். அஜேஷ் தொடங்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஜெர்சியை நீ பிடிச்சுப் பறிக்கல்ல. நானாக்கும் ஊரித் தந்தது. அவ கோழி வச்ச அன்னைக்கு ராத்திரியே நானும் பறஞ்சிருக்கணும். அவ எனக்க பேரை அப்படி விளிச்சுச் சிரிச்சதைக் கண்டு பத்திருவது வருசம் ஆச்சு மக்கா. ஒரு நாளு இருக்கட்டும்னு நினைச்சேன்."

கொஞ்ச நேரம் கம்பியை முறுக்கினார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்: "நெட்டு கெட்டுத ஆளுன்னியே. அது மட்டும் பறஞ்சிருக்க வேண்டாம்."

அஜேஷ் அடுத்த கூட்டத்தில் கிளப் பொறுப்பை விட்டான். காரணத்தைச் சொல்லாமல், வேலை கூடுதல் என்றுதான் எழுதிக் கொடுத்தான். அதையும் நினைத்து இப்போது கூசுகிறான். கோப்பை கடையில் பிரின்டருக்குப் பின்னால் இருக்கிறது. அனிலுக்கு இரண்டு முறை போன் செய்தான், எந்தக் கோப்பை என்று கேட்டான் அவன்.

பொன்னுதாஸ் இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு நான்கு மாடிக் கட்டிடத்துக்குக் கம்பி கட்டுகிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை புஷ்பபாயோடு செங்கல் என்ற ஊரில் வேறொரு சபைக்குப் போகிறார். பந்து ஆடுவதில்லை.