உறுவையாற்றில் ஒரு தடித்த கோடு

அணை திறக்கும் செய்தியை எந்த ஒருவரிடம் சொன்னால் ஊர் முழுக்கப் போய்ச் சேரும்? ஆற்றோர ஊர்களில் இதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இணையத்தில் சிதறிக் கிடக்கும் விவசாயக் குழுக்களின் விவரங்களை, இன்னார் இன்னாருக்குத் தெரிந்தவர் என்று கணினிக்கே புரிகிற மாதிரி கோத்து, ஊருக்கொரு வரைபடம் போட்டிருந்தேன். நெருக்கம் கூடக் கூடக் கோடு தடிக்கும்; உறுவையாறு என்ற ஊரில் செல்வராசு, ஏழுமலை என்ற அண்ணன் தம்பிக்கு நடுவேதான் இருப்பதிலேயே தடித்த கோடு. சோதனைக்காக, செய்தி அனுப்பும் பட்டியலில் அண்ணன் எண்ணை மட்டும் சேர்த்தோம். அது போதும் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன் நேரில் பார்த்துவிடலாமென்று போன ஐப்பசியில் கிளம்பினேன்.

புதுச்சேரியிலிருந்து வில்லியனூருக்குப் பத்து கிலோமீட்டர், பேருந்தில் அரைமணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அண்ணன் வீடா, தம்பி வீடா என்று ஓட்டுநர் கேட்டார். இரண்டும்தான் என்றேன். ஒரு வீட்டில் டீ குடித்தால் அடுத்த வீட்டில் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று சிரித்தார். வரப்புத் தகராறாம், பேச்சு நின்று வருடக்கணக்காகிறதாம். அப்படியானால் அந்தக் கோடு?

செல்வராசு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோதே அவர் போனில் எங்கள் செய்தி வந்தது. அணை திறந்தாகிவிட்டது. ஏழுமலையின் இரண்டு கறவை மாடுகளும் ஆற்றுக்குள் மேய்ந்துகொண்டிருந்தன. தம்பியிடம் சொல்லுங்கள் என்று பதறினேன்.

“நான் அவன்கிட்ட பேசறதில்லபா.”

அட கடவுளே, நானே போகிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தார். “நீ போனா, நான் அனுப்சன்னு நெனச்சி வீம்புக்கு மாட்ட புடிக்க போவமாட்டான்.” பிறகு வேலியோரம் படுத்திருந்த நாயிடம் போய், வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டுக்குக் கேட்கிற குரலில் சொன்னார்: “டேய் கருப்பா, ஆத்துல தண்ணி வுட்டாங்களாம்டா. மாட்ட உள்ள கட்னவங்க புடிச்சிக்கினு வந்தா தேவலாம்.”

அடுத்த வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தது. ஏழுமலை இந்தப் பக்கம் திரும்பாமலே ஆற்றை நோக்கி ஓடினார். கொஞ்ச நேரத்தில் மாடுகள் கரையேறின. கட்டும்போது அதில் ஒன்றிடம், கீழத்தெருவுக்கும் சொல்லியாகிவிட்டது என்று அவரும் சத்தமாகச் சொன்னார். செல்வராசு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

இவர்களுக்குள் தொடர்பு உண்டா இல்லையா? என் தரவில் இதற்கு ஒரு வார்த்தை கிடையாது. குழம்பிப்போய், நாயை நம்பி ஊரை விட முடியாது என்று தம்பி எண்ணையும் சேர்த்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம். ஆய்வுக்குப் போகிறீர்கள் என்றால், யாருக்கு யார் உறவு என்பதோடு பேச்சு உண்டா என்றும் ஆட்டோக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்த மழையில் செய்தி இருவருக்கும் ஒரே நேரத்தில் போனது. மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயந்திரம் செல்வராசு கூப்பிட்டார்.

“இன்னாபா, அவனுக்கும் நேராவே அனுப்பிட்டியா?”

நல்லதுதானே என்றேன்.

“நல்லதுதான். நாங்க பேசிக்கினு இருந்தது அது ஒண்ணுதான்.”