சகாயம் அண்ணன் ஆட்டோவின் பின்கண்ணாடி

ஸ்டிக்கர் கடையில் ஒட்டுவது சுலபம். உரிப்பதுதான் நம் தோலை உரித்துவிடும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அடுத்தவர் ஆசையை வெட்டிக் கொடுக்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

பட்டம் பெருசா

பிளஸ் டூ முடித்ததும் வேங்கிக்கால் கடையில் சேர்ந்தேன். முதல் வாரமே கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் புது பைக்கோடு வந்தார். பெயரைச் சின்னதாகவும் சாதிப் பட்டத்தைப் பெரிதாகவும் வெட்டச் சொன்னார். அசிங்கமாக இருக்கும் என்றேன். முதலாளி என் காலை மிதித்தார். வந்தவர் கோபப்படவில்லை. "என் பேரு எங்க தெருவுக்கே தெரியும்மா. பட்டம்தான் தூரத்துலருந்து தெரியணும்."

லாசரு

பக்கத்து ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் சகாயம் அண்ணனின் புது வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தவர், அவருக்குப் பெண் கொடுக்கப்போகும் மாமா. பின்கண்ணாடியில் அண்ணனின் முழுப்பெயர் 'தேவசகாயம்', பக்கத்தில் சாதிப் பட்டம். ஒட்டினேன். மறுநாள் காலை அண்ணன் தனியாக வந்து பட்டத்தை மட்டும் உரிக்கச் சொன்னார். எனக்கு எரிச்சல். நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமே என்றேன்.

ஹேர் டிரையரில் சூடு காட்டும்போது, தனக்குப் பெயர் தந்த புனிதரின் கதையைச் சொன்னார். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி, பெயர் நீலகண்டன். ஞானஸ்நானத்தில் பைபிளில் வரும் லாசரு என்ற பெயர் கிடைத்தது. கடவுளின் உதவி என்று அர்த்தமாம். அதைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். அப்புறம் எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள், கடைசியில் சுட்டே கொன்றார்கள். மனுஷன் பழைய பெயருக்குத் திரும்பவே இல்லை. ரோமில் புனிதர் என்று அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தையும் எடுத்துவிட்டார்களாம். கேட்டதும் என் கை வேகமாகிவிட்டது. அண்ணன் சொன்னார்: "அவருக்கே வேணாம்னு எடுத்தத நான் எப்டி தங்கச்சி சுமந்துக்கினு சுத்துறது?"

மாமா வந்தார்

பசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே மாமா வந்துவிட்டார். ஸ்டாண்டில் யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அவரும் வாராவாரம் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவர்தான். அந்தப் புனிதர் அவருக்கும் புனிதர்தான். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். ஆனாலும் திரும்ப ஒட்டு என்று என்னிடம் அண்ணன் சொல்லவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் ஒட்டியிருப்பேன். மாமா சத்தம் போடாமல் சொன்னார்: "பட்டம் இல்லாத வண்டி எங்க வாசலுக்கு வரக்கூடாது. நிச்சயமும் கெடையாது."

கோணல்

மறுநாள் அண்ணனோடு அந்தப் பெண்ணே வந்துவிட்டார். ஸ்டெல்லா அக்கா, மருந்துக்கடையில் வேலை. நேற்றிலிருந்து அப்பா பேசுவதில்லையாம், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இந்த ஆட்டோவில்தான் பூசைக்குப் போவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம்.

பட்டம் போனதில் பெயர் இடப்பக்கம் ஒதுங்கி, மீதிக் கண்ணாடி காலியாகக் கிடந்தது. எனக்குக் கோணல் பிடிக்காது. உரித்து நடுவில் ஒட்டித் தருகிறேன் என்றேன். அக்கா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "இப்டியே இருக்கட்டும்மா. என்னத்த எடுத்தோம்னு எங்கப்பாவுக்குத் தெரியணும்."

எவ்வளவு கெட்டிப் பசையும் கொஞ்சம் சூட்டுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறது. மாமாக்களுக்குத்தான் இன்னும் மெஷின் வரவில்லை.