ட்ரேயில் ஒட்டிய பிளாஸ்திரி

டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம் போனால் நான் நர்ஸாக இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே பிரசவ அறை மேசையில் ஒரு ட்ரே உண்டு. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் உடனே வேண்டிய ஊசி, குளுக்கோஸ் ஏற்றும் குழாய், கையுறை எல்லாம் அதில் தயாராக இருக்கும். மருந்து மட்டும் பக்கத்து ஃப்ரிட்ஜில்.

எனக்கு ஒழுங்கு என்றால் உயிர். அதிகாரிகள் ஆய்வுக்கு வருவார்கள் என்று ட்ரேயைத் துணியால் மூடி, நான்கு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டி, தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன். ஒருமுறை பஞ்சு எடுக்க அதைப் பிரித்துவிட்ட துப்புரவுப் பணியாளர் அக்காவிடம் நான் போட்ட சத்தம் சீட்டு வாங்கும் வரிசை வரை கேட்டது.

ஒருநாள் காலை, வளையமாதேவிப் பக்கமிருந்து வந்த பெண்ணுக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. டாக்டரம்மா கை கழுவத் திரும்பியபோது ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. ஓடிவந்து அவள் வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே, "ட்ரே!" என்றார்.

எடுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினேன். கையெழுத்து கிழியாமல் எடுத்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளலாமே என்று கை தானாக அப்படிப் போனது.

"இன்னா சிஸ்டர், அத உரிச்சிகினு நிக்கிறீங்க!" பக்கத்தில் நின்ற துப்புரவு அக்கா பிடுங்கி, ஒரே இழுப்பில் துணியோடு கிழித்து என் முன் வைத்தார். "கையெழுத்து அப்பறமா போட்டுக்கலாம்!"

ஊசி போட்டோம், குளுக்கோஸ் ஏற்றினோம். 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்பதற்குள் ரத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது. அவள் தண்ணீர் கேட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீ வாங்கிக் குடுங்க, போதும்" என்றார். வடையும் சேர்த்தே வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த ஆய்வில் அதிகாரி, ட்ரேக்கு ஏன் சீல் இல்லை என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார். "உள்ள இருக்கறத தெனம் காலைல பாத்துருவோமுங்க. சீலு வச்சா பிரிக்க நேரமாவுதுங்க."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று தடுப்பூசி நாளும்கூட. வரிசையில் அந்த வளையமாதேவிப் பெண், மடியில் குழந்தையோடு. "எம்பொண்ணு அழமாட்டா பாருங்க சிஸ்டர்" என்றாள் பெருமையாக. ஊசி பட்டதும் குழந்தை ஊரைக் கூட்டியது. தூக்கிச் சமாதானப்படுத்த அம்மா இருந்தாள்.