உலுலானியின் மூக்கும் கப்பல் கடிகாரமும்

நாவிலிவிலி துறைமுகத்தில் வியாழக்கிழமை காலை வந்து கட்டும் கப்பல் மறுநாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் கிளம்பும். நடுவில் ஒரே ஒரு சாயங்காலம். கப்பலிலிருந்து இறங்கும் இரண்டாயிரம் பேருக்கும் அந்த ஒரு சாயங்காலம்தான். பாட்டும் ஆட்டமும் குழியில் வெந்த பன்றியுமாக இந்தத் தீவில் நடக்கும் லுவாவ் விருந்துகளில் எதில் அதைக் கழிப்பது என்று பார்த்துச் சொல்லி அனுப்புவது உலுலானியின் வேலை.

துறைமுக வாயிலைத் தாண்டியதும் வலப்பக்கத்துப் புன்னை மரத்தடியில் அவளுடைய மடக்கு மேசை இருக்கும். மேலே ஒரு நீலக்குடை, மேசைமேல் மூன்று கட்டு விளம்பரத்தாள், அடியில் ஐஸ்பெட்டி. இருபத்திரண்டு வருஷமாக அதே இடம். மூன்று கட்டும் மூன்று விருந்துக்கு. கடற்கரை ஹோட்டலில் நடப்பது ஒன்று. காற்று பிரமாதம், சாப்பாடு சுமார். பழைய கரும்புத் தோட்டத்தில் நடப்பது இன்னொன்று. ஆயிரம் பேர் உட்காருவார்கள், பெரிய மேடை, நெருப்புக் கோலைச் சுழற்றி ஆடுவார்கள், பின்வரிசை கிடைத்தால் ஆடுகிறவன் கட்டைவிரல் அளவு தெரிவான். மூன்றாவது ஆற்றோரத்தில் ஒரு குடும்பமே சேர்ந்து நடத்துவது. குழியடுப்பிலிருந்து பன்றியை எடுப்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம்.

வருகிறவர்களிடம் உலுலானி எடுத்த எடுப்பில் எதுவும் கேட்கமாட்டாள். காலைப் பார்ப்பாள். குதிகால் செருப்பு என்றால் ஹோட்டல். தோளில் தூங்கும் குழந்தையின் வெறுங்கால் தொங்கினால் ஆற்றோரம், அங்கேதான் சீக்கிரம் முடியும். ஓட்டப்பந்தயக்காரன் போல ஷூ மாட்டிக்கொண்டு நிற்கும் கூட்டமென்றால் கரும்புத் தோட்டம். பிறகுதான் வாயைத் திறப்பாள். அவள் சொல்லிப் போனவர்கள் மறுநாள் காலை கப்பல் ஏறும்முன் வந்து அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போவது உண்டு.

இப்படி ஊருக்கெல்லாம் விருந்து பார்த்துக் கொடுப்பவள், அந்த வியாழக்கிழமை தன் தம்பி வீட்டு விருந்துக்குப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

காலை எட்டரைக்கே அவள் தம்பி மகள் நோஹியா வந்துவிட்டாள். பக்கத்து ஊரான லிஹுவேயில் ஐஸ் மூட்டை வாங்கப் போகிறவள், வண்டியை வாயிலருகே நிறுத்திவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை மகோவாவுக்கு அன்றைக்கு ஒரு வயது நிறைகிறது. முதல் வயது நிறைவை இந்தத் தீவில் கல்யாணத்தைவிடப் பெரிதாகக் கொண்டாடுவார்கள்.

"அத்தை, கடைசியா கேக்கறேன். வரீங்களா, இல்லியா?"

"இன்னைக்குக் கப்பல் நாளுடி கண்ணு. உனக்குத் தெரியாதா?"

"ஆறு வருஷமா பாக்கறேன். நம்ம வீட்டுல விசேஷம்னாலே அன்னைக்குன்னு பாத்துக் கப்பல் வந்துடுது. எந்த மாலுமி அத்தை உங்களுக்குத் தேதி பாத்துக் கொடுக்கறான்?"

உலுலானிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "உங்கப்பன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. பன்னிக்கு உப்புத் தடவிட்டு இருந்தாரு. அத்தையைக் கூப்பிடட்டுமான்னேன். தடவறதை நிறுத்தினாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் தடவ ஆரம்பிச்சாரு."

"அதுக்கு என்னடி அர்த்தம்?"

"எனக்கென்ன தெரியும்? கூடப் பொறந்தவங்க நீங்கதானே." குழந்தை உலுலானியின் தொப்பியைப் பிடித்து இழுத்தது. நோஹியா அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவித்தாள். "காலையில அஞ்சு மணிக்குக் குழியை மூடியாச்சு. சாயங்காலம் அஞ்சுக்குத் திறக்கறாரு. அஞ்சு மணி, அத்தை. மறந்துடாதீங்க."

மறப்பதாவது.

உலுலானிக்கும் தம்பி கமுவேலாவுக்கும் நாலு வயசு வித்தியாசம். குழியடுப்பு வேலையை அப்பாவிடம் சேர்ந்தே கற்றார்கள். குழி வெட்டிக் கல்லைச் சுடவைத்து, வாழைத்தண்டைப் பிளந்து பரப்பி, பன்றியை இலையில் பொதிந்து இறக்கி, ஈரச்சாக்கு போட்டு மண்ணால் மூடுவதெல்லாம் கமுவேலா. எப்போது திறப்பது என்று சொல்வது உலுலானி. மண்ணின் விளிம்பில் கசியும் ஆவியை ஒருமுறை முகர்ந்தால் போதும், உள்ளே எலும்போடு கறி விட்டுவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அவர்கள் ஊரான அனஹோலாவில் யார் வீட்டு விருந்தானாலும் கடைசியில் அவளைத்தான் கூப்பிட்டு விடுவார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு எண்பது வயது. இருநூறு பேருக்கு விருந்து. அன்றைக்கும் ஒரு கப்பல் நின்றது, ஆனால் இரவு எட்டு மணிக்கே கிளம்புகிற கப்பல். மேசைக்கு வந்த பத்துப் பேர் அவள் பேச்சில் மயங்கி, நிஜமான வீட்டு விருந்து ஒன்று பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, வாருங்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். ஏழு மணிக்குள் அவர்கள் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். ஆறு மணிக்குத் திறக்கவேண்டிய குழியை நாலரை மணிக்கே, "ஆயிடுச்சு, திற" என்றாள்.

கமுவேலா திறந்தான். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

கறி எலும்போரம் சிவப்பாக இருந்தது. வெளியே போன சூட்டை மறுபடி உள்ளே அனுப்ப முடியாது. இருநூறு பேரும் சோறும் மீனும் சேப்பங்கிழங்குக் கூழும் தின்றுவிட்டுப் போனார்கள். எனக்குப் பல்லே இல்லை, பன்றி எதற்கு என்று அம்மா சிரித்தாள். கமுவேலா சிரிக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும், "உனக்கு நாங்க பெருசா, கப்பல் பெருசா?" என்று கேட்டான். அடுத்த வருஷம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தன்று நாற்காலி எத்தனை வேண்டும் என்பதைத் தவிர இருவரும் வேறு பேசிக்கொள்ளவில்லை.

கப்பல் அவசரத்தில் அவள் கணக்குத் தப்பிவிட்டது என்றுதான் ஊர் பேசியது. அது உண்மையில்லை. அன்றைக்கு ஆவியில் பச்சை வாழைத்தண்டு வாடை அடித்தது. மூக்கு வேண்டாம் என்றது. அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பேசினாள். இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

மதியம் இரண்டு மணிவாக்கில் மேசை முன் நாலு கால் வந்து நின்றது. வெள்ளைச் சாக்ஸ் மேல் செருப்பு மாட்டிய இரண்டு. வீங்கிப்போய்ப் புதுக் கித்தான் ஷூவுக்குள் திணறிய இரண்டு. நிமிர்ந்து பார்த்தாள். எழுபது தாண்டிய ஒரு அம்மாளும் அவளைவிடக் கொஞ்சம் இளையவராகத் தெரிந்த ஒருவரும். மினசோட்டாக்காரர்களாம்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்றாள் உலுலானி. வழக்கமாகக் கேட்பதுதான்.

"அடக் கடவுளே!" என்றாள் அந்த அம்மாள். "இவன் என் தம்பி. இவனைக் கட்டிக்கறதுக்குப் பதிலா நேத்தே கடல்ல குதிச்சிருப்பேன்."

"குதிச்சிருந்தா நான் ஒரு நல்ல ரூமா மாத்திக்கிட்டிருப்பேன்," என்றார் அவர். அக்கா பெயர் மார்லிஸ், தம்பி பெயர் வெர்ன். வெர்ன் கரும்புத் தோட்டத்துத் தாளை எடுத்து, நெருப்போடு ஆடுகிறவன் படத்தில் விரலை வைத்தார். "எனக்கு இது."

"இவனுக்கு நெருப்புன்னா போதும். பத்து வயசுல எங்கப்பா வைக்கோல் கொட்டகையைக் கொளுத்தினவன்."

"கொளுத்தினது நீ. உதை வாங்கினது நான்."

"இன்னும் சொல்லிக்கிட்டே இரு." மார்லிஸ் உலுலானி பக்கம் குனிந்தாள். "எனக்குக் கண்ணு சரியில்லம்மா. மேடை கீடையெல்லாம் தெரியாது. கிட்ட உக்காரணும். அந்தப் பன்னியைக் குழியில இருந்து எடுக்கறதைப் பாக்கணும், வாசனை பிடிக்கணும்."

உலுலானி யோசித்தாள். "அப்ப ஆளுக்கு ஒண்ணுக்குப் போயிட்டு வாங்களேன். ரெண்டு இடத்துக்கும் வண்டி இருக்கு. திரும்பி வந்து ரெண்டு கதையா சொல்லிக்கலாம்."

வெர்ன் தாளைக் கீழே வைத்தார். "ஆளுக்கு ஒண்ணா? ஒரே ஒரு சாயங்காலம் இருக்கு, அதுலயும் இவ பக்கத்துல இல்லன்னா... சாப்பாடு நல்லால்லன்னு நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?" கொஞ்சம் தயங்கி, "அந்த ஆத்தோரத்துல நெருப்பே கிடையாதா?" என்றார்.

"கடைசியில ஒரு ஆளு சுத்துவான். சின்ன நெருப்பு."

"சின்னது போதும்."

உலுலானி இரண்டு சீட்டு எழுதினாள். மார்லிஸ் அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க இன்னைக்கு எங்கம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னும் பேச்சு இப்படித்தான் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கே வாருங்கள் என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "எங்க தம்பி வீட்டுல விசேஷம். அவன் பேரனுக்கு ஒரு வயசு," என்றாள்.

"அப்ப இங்க என்ன பண்றீங்க?" என்றார் வெர்ன்.

உலுலானி மேசைப்பக்கம் திரும்பினாள். தாள்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

நாலு மணிக்கு வேன் ஓட்டும் பெனிட்டோ வந்தான். விருந்துக்காரர்களை ஏற்றிப் போய் இறக்குவதுதான் அவன் பிழைப்பு. தண்ணீர் பாட்டிலுக்காக ஐஸ்பெட்டிக்குள் கையை விட்டவன், இலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தான். உள்ளே ஆரஞ்சு நிறப் பூவில் கோத்த மாலை ஒன்று, இரண்டு சாண்கூட இருக்காது.

"இது எந்தக் கப்பல்காரிக்கு? கழுத்து இம்மாத்துண்டு!"

"வை அதை."

"நேத்து கோத்ததா?"

"வைன்னு சொன்னேன், பெனி."

பெனிட்டோ அதைத் திரும்பப் பொதிந்து பதமாக வைத்தான். "ஆத்தோரத்துல விருந்துக்காரங்களை இறக்கிட்டா அப்புறம் வண்டி சும்மாதான் நிக்கும். அனஹோலா கால் மணி தூரம். கப்பல் மகாராணிக்கு இஷ்டம்னா ஏறலாம். இல்லன்னா அந்த மாலையை என் நாய்க்குப் போடுங்க, அதுக்கும் அடுத்த வாரம் பொறந்த நாள்."

இன்னும் பதினைந்து இருபது பேர் வாயிலைத் தாண்டி வந்துகொண்டுதான் இருந்தார்கள். உலுலானி குடையை இறக்கினாள், மேசையை மடக்கினாள். கப்பல் நிற்கும்போது, கப்பல்காரர் யாருக்காகவும் இல்லாமல், அந்த மேசை மடங்கியது இருபத்திரண்டு வருஷத்தில் அன்றுதான்.

அனஹோலாவில் வேன் நிற்கும்போது மணி ஐந்து இருபத்தைந்து. இந்நேரம் சாப்பாட்டு வரிசை பாதி நகர்ந்திருக்கும், கூட்டத்தோடு கூட்டமாகப் போய் மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே தட்டுகள் காலியாக இருந்தன. நூற்றைம்பது பேர் ஒரு பக்கம் பாட்டும் ஒரு பக்கம் முணுமுணுப்புமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டியா தாயே!" என்று கத்தினார் பெரியப்பா மகன் ஒருவர். "உன் தம்பி அஞ்சு மணிக்குத் திறக்கறேன்னான். இன்னும் மம்மட்டியையே தொடல. பசியில நான் நாற்காலியைக் கடிக்கப் போறேன்!"

கொல்லையில், குழிமேட்டுக்குப் பக்கத்தில், ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் கமுவேலா உட்கார்ந்திருந்தான். மம்மட்டி மடிமேல் கிடந்தது. தலை நரைத்துவிட்டிருந்தது. அவள் கிட்ட வந்து நின்றும் எழுந்திருக்கவில்லை.

"கப்பல் போயிடுச்சா?" என்றான்.

"இல்ல. நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் நிக்குது."

"ம்." மண்ணைப் பார்த்தான். "மணி அஞ்சரை ஆகப் போகுது. திறக்கலாமா?"

"என்னையா கேக்கற?"

"வேற யாரைக் கேக்கறது? அப்பா எனக்குக் கையைத்தான் கொடுத்தாரு. மூக்கை உனக்குல்ல கொடுத்தாரு."

பந்தலில் பாட்டு நின்றுவிட்டது. எல்லாரும் இந்தப் பக்கம் பார்ப்பது முதுகில் தெரிந்தது. உலுலானி பொட்டலத்தை நோஹியாவிடம் கொடுத்துவிட்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து, மண் விளிம்பில் கசிந்த ஆவிக்குள் முகத்தை நீட்டினாள். இலை வெந்த இனிப்பு வந்தது. கொழுப்பு உருகிய மணம் வந்தது. அதற்கும் அடியில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, கொஞ்சம் பச்சை வாழைத்தண்டு.

ஆகிவிட்டது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் பெரிதாகத் தெரியாது. நூற்றைம்பது பேரும் அவளை வாழ்த்திக்கொண்டே சாப்பிடுவார்கள்.

"ஆகலை," என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி. கூடவும் ஆகலாம்."

பந்தலிலிருந்து ஒரு பெரிய ஓலம் எழுந்தது. பெரியப்பா மகன் தட்டால் தன் தலையில் அடித்துக்கொண்டார். கமுவேலா எழுந்து, ஆவி கசிந்த இடத்தில் இரண்டு மம்மட்டி மண்ணை அள்ளிப் போட்டுத் தட்டிவிட்டு, இன்னொரு வாளியைத் தேடி எடுத்து வந்து தன் வாளிக்குப் பக்கத்தில் கவிழ்த்தான்.

"உக்காரு, அக்கா."

உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் மகோவா தன் புது மாலையின் ஒரு பூவை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். அதைப் பிடுங்க நான்கு பெண்கள் சூழ்ந்திருந்தார்கள்.

"அன்னைக்கும் உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, இல்ல?" என்று கேட்டான் கமுவேலா. அவளைப் பார்க்காமல்தான் கேட்டான்.

"தெரிஞ்சிருந்துச்சு."

"எனக்கும் தெரியும். உன் மூக்கு தப்பு பண்ணாது." மம்மட்டியின் காம்பைத் தடவினான். "நீ சொல்வேன்னு பாத்தேன்."

"ஆறு வருஷமாவா?"

"கப்பல்தான் நடுவுல நடுவுல வந்துடுதே."

அவள் அவன் தோளில் ஒரு குத்து விட்டாள், சின்ன வயதில் குத்துவது போல, கொஞ்சம் பலமாகவே. அவன் தோளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் இருவரும் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆவி வேறொரு பக்கமாகக் கசிய ஆரம்பித்தது. பந்தலில் யாரோ பசிப்பாட்டு ஒன்றைத் தானாகவே இட்டுக்கட்டிப் பாட, மற்றவர்கள் மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

"அக்கா, இப்பவா?" என்றான் கமுவேலா, மம்மட்டியை ஊன்றிக்கொண்டு.

உலுலானி மூக்கைத் தூக்கி ஒருமுறை இழுத்தாள்.

"பொறுடா," என்றாள்.