ஓணாங்காடும் ஒரு ஏக்கர் மொட்டையும்

அமிர்தவல்லி ஆட்டைக் கூப்பிட்டால் அரியலூர் ஸ்டேஷனில் நிற்கிற ரயில் கிளம்பிவிடும் என்பார்கள். கல்லங்குறிச்சியைத் தாண்டி இருக்கிற செங்கரடு கிராமத்தில் அந்தக் குரலுக்குப் பயப்படாத ஜீவன்கள் பதினேழுதான். பதினேழும் அவளுடைய ஆடுகள்.

வயது ஐம்பத்திரண்டு. படிப்பு மூன்றாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதிக்கு வாத்தியார் கூப்பிட்டபோது வெள்ளாடு குட்டி போட்டுக்கொண்டிருந்தது, போக முடியவில்லை. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மகளை நர்ஸ் படிக்க வைத்ததும் ஆடுதான், கூரை வீட்டை மெத்தை வீடாக்கியதும் ஆடுதான். அந்த ஆடுகளுக்குச் சோறு போட்டது ஓணாங்காடு.

ஊருக்குத் தெற்கே முப்பத்திரண்டு ஏக்கர் புறம்போக்கு அது. பயிர் கிடையாது, வீடு கிடையாது, ஒரு மோட்டார் கொட்டகைகூடக் கிடையாது. காரை, சூரை, ஆவாரை, வெள்வேல் எல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று கையைப் போட்டுக்கொண்டு நிற்கும். உள்ளே போனவன் முழுச் சட்டையோடு திரும்பினான் என்று சரித்திரமே இல்லை. அங்கிருக்கிற ஓணான்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தால் ஊர்த் தலைவர் பதவி ஓணானுக்குத்தான் போகும்.

சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குழிகள். தோண்டாமல் மிச்சம் இருந்தது இந்தக் காடு ஒன்றுதான். அதையும் லாரி ஷெட் போடக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். "சும்மா கெடக்குற நெலம்தானே?" என்றார். கிராம சபையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அமிர்தவல்லி எழுந்தாள்.

"எதுய்யா சும்மா கெடக்குது? எம்மவ படிச்சது அந்தச் சும்மாலதான். உங்க கெணத்துல தண்ணி நிக்கிறது அந்தச் சும்மாலதான். லாரி நின்னா ஆயில் ஊறும், காடு நின்னா தண்ணி ஊறும். எது வேணும், சொல்லுங்க!"

தலையாட்டியவர்கள் அதே தலையை இந்தப் பக்கம் ஆட்டினார்கள். காட்டைக் காப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. கல் தோண்டுகிறவர்கள் கட்டுகிற பணத்தில், குழி விழுந்த ஊர்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்குகிற நிதி ஒன்று உண்டு. காட்டுக்கு வேலி போட, நடுவில் இருக்கிற குட்டையைத் தூர் வார, காவலுக்கு ஓர் ஆள் வைக்க அதிலிருந்து பணம் கேட்டு மனு போனது. ஆடி மாசத்தில் பதில் வந்தது. ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். காக்க வேண்டிய காடு என்று அவர் எழுதினால் பணம் வரும். வெறும் தரிசு என்று எழுதினால் லாரி ஷெட் வரும்.

ஊராட்சித் தலைவர் ராசாங்கம் நல்ல மனுஷர். காட்டுக்குத்தான் கை தூக்கினார். அவருக்கு ஒரே ஒரு வியாதி, வரவேற்பு. கரண்ட் ரீடிங் எடுக்க வந்த பையனுக்கே மாலை போட்டவர் அவர். அவன் கூச்சத்தில் ரீடிங் எடுக்க மறந்து ஓடிவிட்டான். வழி தெரியாமல் வந்த கொரியர்காரனுக்குச் சால்வை கிடைத்தது. அப்பேர்ப்பட்டவர் ஊருக்கு ஆபீசரே வருகிறார் என்றால் சும்மா இருப்பாரா?

ஆபீசர் வருவதற்கு முதல் நாள் காலையில் அமிர்தவல்லி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ரோட்டோரம் ஒரு ஏக்கர் காட்டைக் காணோம். சமயபுரத்தில் முடி இறக்கிய தலை மாதிரி பளபளவென்று கிடந்தது. நடுவில் ஒரு ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. ஓரமாக ராசாங்கம் நின்று, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"தலைவரே! என்ன கூத்து இது?"

"யக்கா, வா வா! ஆபீசர் வர்ற நேரத்துல முள்ளும் பொதருமா கெடந்தா ஊருக்கு அசிங்கம்ல? சாயங்காலத்துக்குள்ள முப்பத்திரண்டு ஏக்கரையும் நீட்டா ஆக்கிடுவோம்."

"காட்டப் பாக்க வர்றவங்களுக்குக் காட்ட எடுத்துட்டுக் காட்டுவியா? பொண்ணு பாக்க வர்றாங்கன்னு பொண்ணுக்கு மொட்டை அடிப்பியாய்யா?"

ராசாங்கம் சுண்ணாம்புப் பொடி ஒட்டிய கையால் தலையைச் சொறிந்தார். ஆனால் ஜேசிபிக்கு அவள் கேள்வி கேட்கவில்லை, அடுத்த சூரைப் புதரைப் பார்த்துக் கையைத் தூக்கியது. அமிர்தவல்லி ஓடிப்போய் அதன் பக்கெட்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெற்றிலையை எடுத்து நிதானமாகக் காம்பு கிள்ளினாள்.

டிரைவர் அஜித்குமார் அலறினான். "அத்த, எறங்கு அத்த! எவனாச்சும் வீடியோ எடுத்தான்னா என் லைசென்சு போயிரும்!"

"வண்டிய ஆஃப் பண்றா மொதல்ல. இல்லன்னா அப்படியே தூக்கிக்கிட்டுக் கலெக்டர் ஆபீசு போ. எனக்கும் அங்க ஒரு ஜோலி இருக்கு."

வண்டி நின்றது. அவள் சும்மா விடவில்லை. அது ரோட்டைத் தாண்டிப் போய்ச் சேர்கிற வரைக்கும் பக்கெட்டிலேயே உட்கார்ந்து, சப்பரத்தில் வருகிற அம்மன் மாதிரி ஊர்வலம் வந்தாள். பதினேழு ஆடுகளும் பின்னால் நடந்தன.

முப்பத்தோரு ஏக்கர் பிழைத்தது. ஆனால் ஆபீசர் கண்ணில் முதலில் படப்போவது அந்த மொட்டைதானே.

மறுநாள் ஜீப்பிலிருந்து இறங்கியவர் பிரவீணா மேடம். மொட்டை ஏக்கரின் நடுவில் பந்தல், பந்தலில் வாழைமரம், ராசாங்கம் கும்பிடுகிற பெரிய பேனர். மேடம் முகம் சுருங்கியது. "இங்க இருந்த செடியெல்லாம் என்ன ஆச்சு?"

"உங்களுக்காகத்தாங்க மேடம் சுத்தம் பண்ணோம்!" ராசாங்கம் மார்பை நிமிர்த்தினார். "முழுசாவே முடிச்சிருப்போம். இந்த யக்காதான் மிஷின்ல ஏறி உக்காந்து கெடுத்துருச்சு!"

மேடம் திரும்பி அமிர்தவல்லியை ஏற இறங்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஆடிக்காற்று வந்தது. அம்மியே பறக்கிற காற்றில் பந்தல் எம்மாத்திரம்? மொட்டை ஏக்கரின் மண் மொத்தமும் எழுந்து வந்து எல்லோர் வாயிலும் உட்கார்ந்தது. பேனர் பிய்த்துக்கொண்டு பறந்தது. ராசாங்கம் மாவு மில்லிலிருந்து வந்தவர் மாதிரி நின்றார்.

"மேடம், இப்பிடி உள்ள வாங்க!" அமிர்தவல்லி அவர் கையைப் பிடித்துப் புதருக்குள் இழுத்துப் போனாள்.

பத்தடி உள்ளே காற்றே இல்லை. தூசி இல்லை. வெள்வேல் நிழலில் சருகை விலக்கி, "தொட்டுப் பாருங்க" என்றாள். மண் ஈரமாக இருந்தது. "மழ பேஞ்சு பதினஞ்சு நாளாச்சு மேடம். வெளிய பாத்தீங்கள்ல, அந்த மொட்டையில நேத்து வரைக்கும் இதே மண்ணுதான் இருந்துச்சு."

மேடம் குனிந்து மண்ணை எடுத்துப் பார்த்தார். வெளியே பறக்கிற புழுதியைப் பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்தவர் மூடவில்லை. கவுதாரி ஓடுகிற பாதை, மயில் முட்டை வைத்திருக்கிற இடம், வயிறு உப்பின ஆடு தானே தேடிப் போய்த் தின்கிற தழை என்று அமிர்தவல்லி காட்டக் காட்ட நோட்டுப் புத்தகம் தீர்ந்து, ஜீப் டிரைவரின் டிரிப் ஷீட்டின் முதுகிலும் எழுதினார்.

கிளம்பும்போது, "குட்டையச் சுத்தி மழக்காலம் மூணு மாசம் ஆடு விடக் கூடாதும்மா. செடி தலையெடுக்கணும். சம்மதமா?" என்றார்.

அமிர்தவல்லி ஆடுகளைப் பார்த்தாள். அவை அவளைப் பார்த்தன. "இதுங்க ஒத்துக்காது மேடம். நான் ஒத்துக்கிறேன்."

புரட்டாசியில் உத்தரவு வந்தது. ராசாங்கம் கிராம சபையில் நின்று வாசித்தார். வேலிக்கும் குட்டைக்கும் காவலுக்கும் கேட்ட பணம் கேட்டபடியே கிடைத்துவிட்டது. லாரி ஷெட்டுக்கு அனுமதி இல்லை. காவலாளாக ஊர் சிபாரிசு செய்த அமிர்தவல்லியே இருக்கலாம். எழுந்த கைதட்டலில் ஓணாங்காட்டு மயில்கள் மழை வந்துவிட்டதென்று அகவின. நாலு நாள் கழித்து நிஜமாகவே மழை வந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் மொட்டை ஏக்கரில் ஆவாரை முழங்கால் உயரம் எழும்பிவிட்டது.

"யக்கா, உனக்கு ஒரு சால்வை போட்டே ஆவணும்" என்று ராசாங்கம் பின்னாலேயே வந்தார்.

"சால்வைய வச்சு ஆட்டுக்கா போத்துறது? அன்னிக்குப் பறந்துச்சே ஒரு பேனரு, அதக் குடு. கொட்டாய் ஒழுவுது."

இப்போது அமிர்தவல்லியின் ஆட்டுக் கொட்டகையில் சொட்டுத் தண்ணீர்கூட ஒழுகுவதில்லை. சாயங்காலம் ஓணாங்காட்டிலிருந்து வயிறு முட்டத் திரும்புகிற பதினேழு ஆடுகளையும், கூரையிலிருந்து கை கூப்பி, பல் முப்பத்திரண்டும் தெரிய, 'வருக வருக' என்று வரவேற்கிறார் ராசாங்கம்.