ஹெல்மெட்டை வாங்கிக்கொண்ட கோச்

அமெரிக்காவில், டெக்சாஸின் பிளானோ நகருக்கு வெளியே ஒரு ஹைஸ்கூல் மைதானம். வெள்ளிக்கிழமை மாலை, அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச். என்னை அழைத்து வந்திருக்கும் சாந்தி ஆன்ட்டி ஈரோட்டுக்காரர். மைதானத்தின் ஓரக் கோட்டருகே நிற்கும் கோச் கார்த்திக் அவருடைய மகன். இந்தப் பக்கத்திலிருந்து காலேஜ் டீமில் ஆடிய முதல் தமிழ்ப் பையன் அவர்தானாம்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், பந்தோடு ஓடும் பையன் ஒருவன் மோதி விழுகிறான். எழுந்து, ஒன்றுமில்லை என்று கட்டைவிரலைக் காட்டுகிறான். கார்த்திக் அவனை வெளியே அழைத்து ஹெல்மெட்டை வாங்கிக்கொள்கிறார். கூட்டம் கத்துகிறது.

"அவன் இல்லைன்னா தோத்துருவாங்களே, ஆன்ட்டி?"

"தோக்கட்டும் கண்ணு. காலேஜ்ல நம்ம கார்த்திக்குக்கும் இப்படித்தான் தலைல அடி. 'ஐ ஆம் ஃபைன்'னு சொன்னான், நம்பி மறுபடி ஆட உட்டுட்டாங்க. திருப்பியும் அடி. அதோட இவன் ஆட்டமே முடிஞ்சு போச்சு. மாசக்கணக்கா இருட்டு ரூம்லயே கெடந்தான். எந்திரிச்சதும் கோச்சிங்குக்குத்தான் அப்ளை பண்ணினான்."

டீம் தோற்கிறது. பையனின் அப்பா படிகளில் வேகமாக இறங்கி வந்து கார்த்திக்கைப் பார்த்துக் கத்தத் தொடங்குகிறார். பெஞ்சில் இருக்கும் பையன் நிமிர்ந்து, "டாட், கேம் எப்ப ஸ்டார்ட் ஆகும்?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறான்.

அப்பா கத்துவதை விட்டுவிட்டுப் பையனின் பக்கத்தில் போய் உட்கார்கிறார்.

"ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு" என்கிறார் கார்த்திக், மெதுவாக.